ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் மலைச் சைக்கிள்: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

இமாச்சலப் பிரதேசத்தின் கின்னௌர், ஸ்பிதி ஆகிய இரு பள்ளத்தாக்குகளின் வழியாக மலைச் சைக்கிளில் செல்ல விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். 996ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தாபோ பௌத்த மடம், ஒரு காலத்தில் ஸ்பிதியின் தலைநகராக இருந்த டங்கர், மண்சுவர் வீடுகளும் பட்டாணி வயல்களும் சூழ்ந்த கிப்பர், லாங்சா, கோமிக் போன்ற சிற்றூர்கள் என்று, இந்தப் பாதையில் நின்று பார்க்க வேண்டிய இடங்கள் ஒவ்வொரு நாளும் வரும். சமவெளியில் தொடர்ந்து மிதித்துப் பழகியவர்களுக்கு இங்குள்ள ஏற்றங்கள் கடினமானவையே தவிர முடியாதவை அல்ல. பயணத்தைக் கெடுப்பவை வேறு: நேரத்துக்கு வந்து சேராத சைக்கிள், அவசரமாக உயரம் ஏறியதால் வரும் நோய், ஏடிஎம் வேலை செய்யாத ஊரில் தீர்ந்துபோகும் கையிருப்பு, மூடிக்கிடக்கும் கணவாய். இவை அனைத்தையும் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே பெருமளவு சரிசெய்துவிடலாம். எனக்கு இவற்றை எடுத்துச் சொல்ல ஆளில்லாததால், கவுண்டர் கவுண்டராக நின்று கேட்டே தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

விடுமுறை கிடைக்கும் மாதத்தைப் பார்த்துப் பயணத்தை அமைக்காதீர்கள். பாதை திறந்திருக்கும் மாதத்தைப் பார்த்து விடுமுறை கேளுங்கள். சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாக ஸ்பிதிக்குச் செல்லும் சாலை, பனிப்பொழிவும் நிலச்சரிவும் இல்லாத நாள்களில் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். ஸ்பிதியிலிருந்து மணாலிப் பக்கம் இறங்குவதற்குக் கடக்க வேண்டிய குன்சும் கணவாய் அப்படியல்ல. ஏறத்தாழ 4,550 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தக் கணவாய் குளிர்காலம் முழுவதும் பனியால் மூடப்பட்டு, பெரும்பாலும் ஜூன் மாதத்தை ஒட்டித்தான் திறக்கும். அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ மீண்டும் மூடிவிடும்.

ஸ்பிதி மழைமறைவுப் பகுதி என்பதால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலும் போகலாம் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஸ்பிதியில் மழை குறைவு. ஆனால் அங்கே போய்ச் சேர நீங்கள் கடக்க வேண்டிய கின்னௌரில் மழை பெய்யும், மலை சரியும். 2021 ஆகஸ்டில் நிகுல்சாரியில் நிகழ்ந்த நிலச்சரிவில் அரசுப் பேருந்து உட்பட வாகனங்கள் புதையுண்டு பலர் உயிரிழந்தனர். அதே சாலையில்தான் நீங்களும் போக வேண்டும். எனவே செப்டம்பர் முதல் வாரம் கழித்துத் தொடங்கி அக்டோபர் முதல் வாரத்துக்குள் முடித்துவிடுவதே என் பரிந்துரை. அப்போது வானம் தெளிந்திருக்கும், ஓடைகளில் நீர் குறைந்திருக்கும், ஊர்களில் தங்கும் வீடுகளும் திறந்திருக்கும். இரவில் குளிர் உறைநிலைக்குக் கீழே போகலாம் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். ஜூன் இரண்டாம் பாதி அடுத்த தேர்வு. பனி உருகும் காலம் என்பதால் சாலையைக் கடந்து ஓடும் ஓடைகளில் நீர் மிகுந்திருக்கும்.

2. சிம்லாப் பக்கமிருந்தே ஏறுங்கள்

வரைபடத்தைப் பார்த்தால் மணாலியிலிருந்து ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸாவுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர்; சிம்லாவிலிருந்து 420 கிலோமீட்டர். பாதித் தூரம் என்பதால் மணாலி வழியைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டரில் உள்ளது. அங்கிருந்து கிளம்பியவர்கள் ஓரிரு நாளிலேயே 4,000 மீட்டரைத் தாண்டிப் படுக்க நேரிடும். உடல் அதற்குள் பழகாது. சந்திரதால் ஏரி முகாம்களில் இரவில் தலைவலியும் வாந்தியுமாகத் தவிப்பவர்களில் பெரும்பாலோர் அப்படி ஏறி வந்தவர்கள்தாம். சிம்லா வழியில் உயரம் படிப்படியாகக் கூடும், இடையிடையே இறக்கமும் வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. மணாலிப் பக்கத்துச் சாலைதான் இந்தச் சுற்றிலேயே மோசமானது. அதைத் தொடக்கத்தில், களைத்த உடலுடன் ஏற்றமாக மிதிப்பதைவிட, உயரத்துக்குப் பழகிய பிறகு இறக்கமாகக் கடப்பது எவ்வளவோ மேல்.

சிம்லாவிலிருந்தே மிதிக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டியதில்லை என்பதே என் கருத்து. நார்கண்டா வரையிலான சாலையில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஆப்பிள் லாரிகள் ஓயாமல் போகும். ராம்பூரைத் தாண்டினால் நீர்மின் திட்டங்களின் தூசியும் கனரக வாகனங்களும் சேர்ந்துகொள்ளும். மூன்று வார விடுமுறை உள்ளவர்கள் மிதிக்கலாம். இரண்டு வாரம் மட்டுமே உள்ளவர்கள் கின்னௌரின் தலைமையிடமான ரெக்காங் பியோ வரை பேருந்தில் போய், அங்கிருந்து தொடங்குவது நல்லது. அதனால் எதையும் இழந்துவிட மாட்டீர்கள். மிச்சப்படும் நாள்களைக் காஸாவைச் சுற்றியுள்ள மண்பாதைகளில் செலவிடலாம்.

3. ஆவணங்கள்

இந்தியக் குடிமக்களுக்கு இந்தப் பாதையில் எல்லைப் பகுதிக்கான உள்கோட்டு அனுமதி (இன்னர் லைன் பெர்மிட்) தேவையில்லை. பழைய குறிப்புகள் சில தேவை என்று சொல்லும். அதை நம்பி ரெக்காங் பியோவில் ஒரு நாளை வீணாக்க வேண்டாம். ஆனால் எல்லைக்கு அருகிலுள்ள பாதை என்பதால் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டை கேட்பார்கள். ஆதார், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு ஆகியவற்றில் ஒன்றின் மூலத்தைக் கையில் வைத்திருங்கள். நகல்கள் நான்கைந்து தனியாக இருக்கட்டும். பல இடங்களில் நெட்வொர்க் இருக்காது என்பதால் கைப்பேசியில் உள்ள டிஜிட்டல் ஆவணத்தை மட்டும் நம்பாதீர்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் இங்கே கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, பிரிட்டன், கனடா எதுவானாலும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ரெக்காங் பியோவுக்கு அப்பால் தொடங்கி சும்தோ வழியாகத் தாபோ வரையுள்ள பகுதியைக் கடக்க அனுமதி பெற வேண்டும். இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை இருந்தால் போதும் என்று நினைத்து வருபவர்கள் பலர், போதாது. இந்த அனுமதியைச் சிம்லாவிலோ ரெக்காங் பியோவிலோ வாங்கலாம். கடவுச்சீட்டு, விசா அல்லது ஓசிஐ அட்டையின் நகல்கள், ஒளிப்படங்கள், பயணத் திட்டம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். தனி ஒருவருக்குக் கொடுக்கத் தயங்குவார்கள் என்பதால் துணையுடன் விண்ணப்பிப்பதோ உள்ளூர்ப் பயண முகவர் வழியாகப் போவதோ எளிது. ஞாயிற்றுக்கிழமையிலும் அரசு விடுமுறை நாளிலும் அலுவலகம் இயங்காது. நீங்கள் ரெக்காங் பியோ சேரும் நாள் வேலைநாளாக இருக்கும்படி திட்டமிடுங்கள்.

அவர்களுக்கே இன்னொரு எச்சரிக்கை. செயற்கைக்கோள் தொலைபேசியையும், செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவிகளையும் இந்தியாவுக்குள் உரிமம் இல்லாமல் கொண்டுவருவது குற்றம். வெளிநாடுகளில் மலையேறுபவர்கள் இவற்றைச் சாதாரணமாக எடுத்துச் செல்வதால், தெரியாமல் பையில் போட்டுக்கொண்டு வந்து விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் உண்டு. வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இவற்றோடு சைக்கிள் வாங்கிய ரசீதின் நகலையும், ஃபிரேம் எண்ணின் ஒளிப்படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். பார்சல் அலுவலகத்தில் சைக்கிளின் மதிப்பைக் கேட்கும்போதும், பொருள் காணாமல் போனால் புகார் எழுதும்போதும் இவை இரண்டும் வேண்டும். காப்பீட்டு ஆவணத்தில் உயர வரம்பு இருக்கிறதா, சைக்கிள் பயணம் சாகச விளையாட்டு என்று விலக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் இந்த இரண்டு விலக்குகளும் சிறிய எழுத்தில் இருக்கும்.

4. சைக்கிளைக் கொண்டுபோய்ச் சேர்த்தல்

முதன்முறை செல்பவர்கள் மிகுதியும் சிக்கிக்கொள்வது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போவதாக இருந்தால், சைக்கிளைப் பெட்டிக்குள் ஏற்றிவிடலாம் என்று எண்ணாதீர்கள். படுக்கை வசதிப் பெட்டியிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் 40 கிலோ வரை இலவசமாகக் கொண்டுபோகலாம் என்பது எடைக் கணக்கு மட்டுமே. கொண்டுபோகும் பொருளின் அளவு 100 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. சக்கரங்களைக் கழற்றிப் பையில் போட்டாலும் மலைச் சைக்கிள் அதற்குள் அடங்காது. டிக்கெட் பரிசோதகர் விட்டுவிடலாம், விடாமலும் போகலாம். முப்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் அந்தப் பதற்றம் தேவையில்லை.

நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்வதே சரியான வழி. அங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் பயணச்சீட்டின் பேரில் 'லக்கேஜ்' என்று பதிவு செய்தால், சைக்கிள் நீங்கள் போகும் அதே ரயிலின் பிரேக் வேனில் (சரக்கு ஏற்றும் பெட்டியில்) உங்களுடன் வர வேண்டும். 'பார்சல்' என்று பதிவு செய்தால், இடம் கிடைக்கும் ஏதேனும் ஒரு ரயிலில் வரும். நான் கேட்காமலேயே ஓர் அலுவலகத்தில் பார்சல் என்று எழுதிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தும் சைக்கிள் வரவில்லை, டெல்லியில் காத்திருந்துதான் எடுக்க முடிந்தது. எனவே படிவத்தை நிரப்பும்போதே லக்கேஜ் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், ரசீதில் உங்கள் ரயில் எண் இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் பாருங்கள்.

ரயில் கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பாகவே போய்விடுங்கள். சைக்கிளைச் சாக்குத் துணியால் சுற்றித் தைத்துக் கொடுப்பவர்கள் பெரிய நிலையங்களின் வாயிலிலேயே இருப்பார்கள். அவர்களிடம் கொடுப்பதற்கு முன் பெடல்களைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, கியரை மாற்றும் பின்பக்க டீரெய்லரைக் கழற்றிப் பழைய துணியில் சுற்றி ஃபிரேமுக்குள் கட்டிவிடுங்கள். பிரேக் வேனில் உங்கள் சைக்கிளின் மேல் என்னென்ன மூட்டைகள் ஏறும் என்று யாரும் சொல்ல முடியாது. டீரெய்லரைத் தாங்கும் ஹாங்கர் மெல்லிய அலுமினியத் துண்டு, முதலில் வளைவது அதுதான். சாக்கின் இரு பக்கமும் உங்கள் பெயர், கைப்பேசி எண், புறப்படும் நிலையம், சேரும் நிலையம் ஆகியவற்றை மார்க்கரால் ஆங்கிலத்தில் எழுதுங்கள். கட்டணம் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். டெல்லியில் இறங்கியதும் நேரே பிரேக் வேன் நிற்கும் முனைக்கு நடந்து, சைக்கிள் இறங்குவதைக் கண்ணால் பாருங்கள். பிறகு ரசீதைக் காட்டி எடுத்துக்கொள்ளுங்கள். தாமதித்தால் தேக்கக் கட்டணம் ஏறும். வழியில் நிற்கும் நிலையத்தில் இறங்குவதைவிட, ரயிலின் கடைசி நிலையத்தில் இறங்குவதே பாதுகாப்பு. இடைநிலையத்தில் ரயில் நிற்கும் சில நிமிடங்களில் சைக்கிளை இறக்க மறந்தால் அது தொலைவுக்குப் போய்விடும்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது என்பதால், பயண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் போகிறவர்கள் சண்டிகரில் இறங்குவது வசதி. அங்கிருந்து சிம்லா ஏறத்தாழ 115 கிலோமீட்டர். சைக்கிள் கடையில் கேட்டால் புதிய சைக்கிள் வந்த அட்டைப்பெட்டியைத் தருவார்கள். உள்நாட்டு விமானங்களில் சாதாரணச் சீட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோ மட்டுமே அனுமதி. சைக்கிளும் பெட்டியும் சேர்ந்தே அதைத் தாண்டிவிடும் என்பதால், கூடுதல் எடையை விமான நிலையத்தில் வாங்காமல் முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் செலவு குறையும். டயர்களில் காற்றைக் குறைத்துவிடுங்கள். டிஸ்க் பிரேக் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகுங்கள். சக்கரம் இல்லாதபோது யாரேனும் பிரேக்கை அழுத்திவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பிகளையும் அடுப்புக்கான எரிவாயுக் குப்பியையும் எடுத்துவராதீர்கள், பரிசோதனையில் எடுத்துவிடுவார்கள்.

டெல்லி அல்லது சண்டிகரிலிருந்து மலைக்குப் போகும் இமாச்சல் அரசுப் பேருந்துகளின் கூரையில் சைக்கிளை ஏற்றலாம். நடத்துநர் லக்கேஜ் சீட்டு எழுதுவார். கட்டும் வேலையை மற்றவர்களிடம் விடாமல் நீங்களே மேலே ஏறிக் கட்டுங்கள். டீரெய்லர் உள்ள வலப்பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவைத்து, ஃபிரேம் கம்பியில் படும் இடங்களில் பழைய டியூப் துண்டுகளைச் சுற்றி, சொந்தக் கயிற்றால் மூன்று இடங்களில் இறுக்குங்கள். நிறுத்தத்துக்கு நிறுத்தம் மேலே மூட்டைகள் ஏறி இறங்கும் என்பதால், பேருந்து தேநீருக்கு நிற்கும்போதெல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

5. சைக்கிளும் உதிரிகளும்

முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிள் இந்தப் பாதைக்குப் போதும். இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ளது எடை கூடியது. பைகளைக் கட்டவும் சிரமம். டயர் 2.1 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கியரில் மிகச் சிறிய விகிதம் என்ன என்பதைப் பாருங்கள்; பின்பக்கப் பெரிய பல்சக்கரம் முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்தால்தான் 4,000 மீட்டரில் சுமையுடன் ஏற முடியும்.

ரெக்காங் பியோவைத் தாண்டினால் மலைச் சைக்கிளுக்கான உதிரிகள் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். உங்கள் சைக்கிளுக்கே உரிய டீரெய்லர் ஹாங்கர் ஒன்று, செயினை இணைக்கும் இரண்டு குவிக் லிங்க், இரண்டு ஜோடி பிரேக் பேடு, இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், சில ஸ்போக்குகள், கியர் கேபிள் ஒன்று, டயர் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயர்த் துண்டு ஆகியவை கட்டாயம். ஹாங்கர் மாடலுக்கு மாடல் மாறும்; வாங்கியதும் ஒருமுறை பொருத்திப் பார்த்துவிடுங்கள். மாவு போன்ற தூசி செயினில் படியும் என்பதால், ஒவ்வொரு மாலையும் துடைத்து எண்ணெய் இடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மணாலியில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். சிம்லாப் பக்கமிருந்து தொடங்குபவர்களுக்கு அதைக் கொண்டுவருவதே தனிச் செலவாகும் என்பதால், நன்கு பழகிய சொந்தச் சைக்கிள் இருந்தால் அதையே எடுத்துச் செல்லுங்கள்.

6. நாள்களை வகுத்தல்

3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் விதி. இந்தப் பாதையில் ஊர்கள் அந்தக் கணக்குக்கு எப்போதும் ஒத்துவராது. ஒத்துவராத இடத்தில் கூடுதல் இரவு தங்க வேண்டும். கீழ்க்காணும் வகுப்பு அப்படி அமைத்ததுதான்.

ரெக்காங் பியோவில் இறங்கியதும் மேலே உள்ள கல்பாவில் இரண்டு இரவு தங்குங்கள். ஏறத்தாழ 2,960 மீட்டர். எதிரே கின்னர் கைலாசம் தெரியும். இங்கேதான் சைக்கிளின் பாகங்களைப் பொருத்திச் சரிபார்க்க வேண்டும், ஏடிஎம்மில் பணம் எடுக்க வேண்டும், வெளிநாட்டினர் அனுமதி வாங்க வேண்டும். அடுத்த நாள் சட்லெஜ் கரையோரமாக மிதித்து ஸ்பில்லோ அல்லது பூஹ் பக்கம் தங்கலாம். அதற்கடுத்த நாள்தான் முதல் பெரிய சோதனை. காப் என்னுமிடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கிறது. பாலத்தைக் கடந்ததும் சாலை வளைந்து வளைந்து நாகோ வரை ஏறும். நிழல் இல்லை, கடை இல்லை. விடியலில் கிளம்பி, குறைந்தது நான்கு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பாலங்களையும் இராணுவ முகாம்களையும் படமெடுக்காதீர்கள்.

நாகோ ஏறத்தாழ 3,660 மீட்டர். ஒரே நாளில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏறியிருப்பீர்கள் என்பதால் இங்கே இரண்டு இரவு கட்டாயம். ஊரின் குளத்தையும் பழைய மடத்தையும் நடந்து பாருங்கள், சைக்கிளைத் தொட வேண்டாம். நாகோவுக்கு அப்பால் மல்லிங் ஓடைப் பகுதியில் கல் உருளும். காலையிலேயே கடந்து, நடுவில் நிற்காமல் போய்விடுங்கள். சாங்கோ, சும்தோ வழியாகத் தாபோ வந்தால் உயரம் 3,280 மீட்டராகக் குறைந்திருக்கும். அன்றிரவு நல்ல தூக்கம் வரும். தாபோவின் பழைய கோயில்கள் களிமண்ணால் கட்டப்பட்டவை. உள்ளே சுவரோவியங்கள் முழுச் சுவரையும் நிறைத்திருக்கும். உள்ளே படமெடுக்கத் தடை. இருட்டாக இருக்கும் என்பதால் சிறிய டார்ச் கொண்டுபோங்கள், வெளிச்சத்தை ஓவியத்தின் மீது நெடுநேரம் நிறுத்தாதீர்கள்.

தாபோவிலிருந்து ஷிச்லிங் வரை ஆற்றோரம் போய், அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் ஏறினால் டங்கர், ஏறத்தாழ 3,890 மீட்டர். அதன் பழைய மடம் அரிப்பால் ஆபத்தான நிலையில் உள்ளது. 2006ஆம் ஆண்டில் உலக நினைவுச்சின்ன நிதியம் வெளியிட்ட, அழியும் நிலையிலுள்ள நூறு இடங்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஒரே நேரத்தில் பலர் உள்ளே போக வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் சொன்னால் பொறுமையாக வெளியே காத்திருங்கள். மறுநாள் ஏறத்தாழ 32 கிலோமீட்டரில் காஸா.

7. காஸாவைச் சுற்றிய மண்பாதைகள்

மலைச் சைக்கிள்காரருக்கு இந்தப் பயணத்தின் உண்மையான பகுதி இதுதான். காஸாவில் குறைந்தது மூன்று இரவு தங்கி, பைகளை அறையில் விட்டு, வெறும் சைக்கிளோடு சுற்றுங்கள்.

முதல் சுற்று: காஸாவிலிருந்து லாங்சா, அங்கிருந்து கோமிக், ஹிக்கிம், மீண்டும் காஸா. மூன்று ஊர்களும் 4,400 மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ உள்ளவை. பகலில் ஏறி இரவில் இறங்கிவந்து படுப்பது உடலைப் பழக்குவதற்கும் நல்லது. ஏறும் பக்கம் சாலையிலேயே போங்கள். ஹிக்கிமின் அஞ்சலகத்திலிருந்து அட்டை அனுப்ப விரும்பினால் வேலைநாளின் பகல் நேரத்தில் போய்ச் சேருங்கள். லாங்சாவில் சிறுவர்கள் கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவக் கற்களை விற்க வருவார்கள். வாங்காதீர்கள், அவை அந்த மலையிலேயே இருக்க வேண்டியவை.

இரண்டாவது சுற்று: கீ மடம், கிப்பர், சிச்சம். கிப்பரையும் சிச்சத்தையும் பிரிக்கும் ஆழமான பிளவின் மேல் 2017இல் பாலம் திறக்கப்பட்டது. இறங்கும்போது சாலையை விட்டு விலகும் ஆட்டுப்பாதைகள் கண்ணில் படும். அவற்றில் இறங்குவதற்கு முன் கிப்பரில் ஒருவரிடம் கேளுங்கள்; சில பாதைகள் வயலின் வாய்க்காலில் போய் முடியும், சில பிளவின் விளிம்பில் முடியும்.

கோமிக்கிலிருந்து டெமுல், லாலுங் வழியாக டங்கர் செல்லும் பழைய கால்நடைப் பாதையும் உண்டு. அதில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய இடங்கள் பல. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் முதன்முறை செல்பவர்கள் போகக் கூடாது.

இங்கே பாசன வாய்க்கால்தான் ஊரின் உயிர். பனி உருகிவரும் நீரை மைல் கணக்கில் கொண்டுவந்து பட்டாணிக்கும் பார்லிக்கும் பாய்ச்சுகிறார்கள். வாய்க்கால் கரை சமதளமாக, மிதிக்க ஆசையூட்டும்படி இருக்கும். ஒரு சைக்கிள் தடம் கரையை உடைத்தால் கீழேயுள்ள வயலுக்குத் தண்ணீர் நின்றுவிடும். கரையில் மிதிக்காதீர்கள். மந்திரங்கள் செதுக்கிய கற்சுவர்களும் ஸ்தூபிகளும் வழியில் வந்தால், அவை உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி கடந்து செல்லுங்கள். பாதை இரண்டாகப் பிரிந்து செல்வதே அதற்காகத்தான்.

8. உடல் சொல்வதைக் கேளுங்கள்

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, பசியின்மை ஆகியவை வந்தால் அன்று மேலே ஏறாதீர்கள். மறுநாளும் குறையாவிட்டால் கீழே இறங்குங்கள். ஒரு பாதத்தின் குதிகாலை மறுபாதத்தின் விரலோடு ஒட்டி நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காத்திருக்கவே கூடாது. இரவானாலும் வண்டி பிடித்து இறங்க வேண்டும். உயர நோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரை சிலருக்கு உதவும். ஆனால் சல்பா மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம். எனவே கிளம்புவதற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். காஸாவிலும் ரெக்காங் பியோவிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. ஆம்புலன்சுக்கு 108.

9. பணம்

காஸாவில் ஏடிஎம் இருக்கிறது, ஆனால் பணம் இல்லாத நாள்களும் மின்சாரம் இல்லாத நாள்களும் உண்டு. கைப்பேசிப் பணப் பரிவர்த்தனை நெட்வொர்க் உள்ள ஊர்களில் நடக்கும். குன்சும் கணவாயின் இரு பக்கமும் உள்ள லோசர், பதல் போன்ற இடங்களில் அதை எண்ணிப் போகக் கூடாது. ஆகவே முழுப் பயணத்துக்கும் வேண்டிய ரொக்கத்தை ரெக்காங் பியோவிலேயே எடுத்து, பாதிக்கு மேல் நூறு, இருநூறு ரூபாய்த் தாள்களாக மாற்றிக்கொள்ளுங்கள்.

வீடுகளில் தங்குவதற்கு, இரவு உணவும் காலை உணவும் சேர்த்து ஒருவருக்கு 1,000 முதல் 1,500 ரூபாய் வரை வைத்துக்கொள்ளலாம். பகல் உணவு, தேநீர், சிறுசெலவுகள் சேர்த்து நாளுக்கு 2,000 ரூபாய் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் அவசரத்துக்கு 10,000 ரூபாயைத் தனியாகக் கட்டி வையுங்கள். அந்தத் தொகை, நோயுற்றாலோ சைக்கிள் உடைந்தாலோ வாடகை வண்டி பிடிப்பதற்கு. விருந்தினர் காலம் குறுகியது என்பதால் அந்த வீடுகளில் பேரம் பேச வேண்டாம். விறகும் அரிசியும் அவர்களுக்கும் வெளியிலிருந்துதான் வருகின்றன.

பிஎஸ்என்எல் சிம் ஒன்று கூடுதலாக இருந்தால் நல்லது. தனியார் நிறுவனங்களின் சேவை காஸாவில் கிடைத்தாலும், இடைப்பட்ட ஊர்களில் பல இடங்களில் இல்லை. குன்சும் முதல், மணாலிச் சாலையில் சேரும் கிராம்பூ வரை தொடர்பே இருக்காது என்று வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

10. மணாலிப் பக்கம் இறங்குதல்

காஸாவிலிருந்து கிளம்பும் முந்தைய மாலை, குன்சும் திறந்திருக்கிறதா என்று பேருந்து நிலையத்தில் கேளுங்கள். மணாலி பேருந்து அன்று வந்ததா என்பதைவிட நம்பகமான செய்தி வேறில்லை. முதல் நாள் லோசர். இரண்டாம் நாள் விடியலில் கிளம்பி, ஏறத்தாழ 19 கிலோமீட்டர் ஏறிக் கணவாயை முற்பகலிலேயே கடந்து பதலில் இறங்குங்கள். பிற்பகலில் காற்று எதிரே நின்று தள்ளும். சந்திரதால் போக விரும்புபவர்கள் ஏரிக்கரையில் கூடாரம் அடிக்கத் தடை இருப்பதை அறிந்துகொள்ளுங்கள். முகாம்கள் சற்றுத் தள்ளியே உள்ளன.

பதலுக்கும் கிராம்பூவுக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சாலைப் பணி நடந்து வருகிறது. ஆயினும் தேங்காய் அளவு உருண்டைக் கற்களும், சாலையின் மேலேயே ஓடும் ஓடைகளும் உள்ள நீண்ட பகுதிகள் இருக்கும் என்று எண்ணியே போங்கள். பனியாறுகளிலிருந்து வரும் ஓடைகளில் காலையில் நீர் குறைவு. வெயில் ஏற ஏறப் பெருகி, பிற்பகலில் முழங்காலைத் தாண்டலாம். ஆகவே காலையிலேயே கடந்துவிடுங்கள். சைக்கிளை நீரோட்டம் வரும் பக்கம் வைத்துத் தள்ளினால் அது உங்கள் மேல் சாயும். நீர் போகும் பக்கம் வைத்துப் பிடியுங்கள். ஷூவைக் கழற்றி வெறுங்காலில் இறங்காதீர்கள், பழைய செருப்பு ஒன்றைப் பையில் கட்டிவைத்திருங்கள்.

கிராம்பூவிலிருந்து மணாலி போக ரோதங் கணவாய் ஒரு வழி. அது மீண்டும் 3,978 மீட்டர் வரை ஏறும். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட, ஒன்பது கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை மற்றொரு வழி. வாகனங்கள் விரையும் சுரங்கத்துக்குள் மிதிப்பதாகத் திட்டமிடாதீர்கள். கோக்சரிலிருந்து பேருந்திலோ சிறு சரக்கு வண்டியிலோ சைக்கிளை ஏற்றிக் கடந்துவிடுங்கள்.

மணாலி சேரும் நாளுக்கும் டெல்லியில் ரயில் ஏறும் நாளுக்கும் இடையே முழுதாக இரண்டு நாள் விடுங்கள். ஒன்று சாலை அடைபட்டால் ஈடுகட்ட. மற்றொன்று சைக்கிளைக் கழுவி, கழற்றி, மீண்டும் சாக்கில் கட்டிப் பதிவு செய்ய. திரும்பும் டிக்கெட்டையும் போகும் டிக்கெட்டோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள். அக்டோபரில் தசராவும் தீபாவளியும் நெருங்கும்போது டெல்லியிலிருந்து தெற்கே வரும் ரயில்களில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது. பார்சல் அலுவலகங்களிலும் அந்த வாரங்களில் கூட்டம் மிகுந்திருக்கும் என்பதால், திரும்பும்போது வழக்கத்தைவிட இன்னும் இரண்டு மணி நேரம் முன்பாகவே போய் நில்லுங்கள்.